வவுச்சர் இல்லாத துரை

செய்த வேலைக்குப் பணம் பட்டுவாடா செய்வதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு பழம்பெருமை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் விஷ்ணுசித்தர் மதுரைக்குப் போய்ப் பாண்டியன் சபையில் வாதம் செய்தார். ராஜா பொற்கிழியைக் கம்பத்து உச்சியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். சொன்னது சரி என்றால் கிழி தானாகத் தாழ வேண்டும், அதுதான் ஷரத்து. விஷ்ணுசித்தர் பேசினார், கிழி தாழ்ந்தது, யானைமேல் ஏறி ஊர்வலம் வந்தார். மூன்று பிரதியில் பில் கிடையாது. டேபிள் டேபிளாக நகரும் ஃபைல் கிடையாது. ‘கொஞ்சம் பார்த்துச் செய்ங்க’ கிடையாது.

தரப் பரிசோதனையும் அதே வீட்டில்தான். கோயிலுக்குப் போகிற மாலையில் ஒரு நீள முடி கிடந்ததை அவர் பார்த்துவிட்டார் என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகள் கதை சொல்வார்கள். மகள் கோதை தினமும் போட்டு அழகு பார்த்துவிட்டுக் கூடையில் திருப்பி வைத்திருக்கிறாள். உபயோகித்த சரக்கைப் புதுச்சரக்கு என்று சப்ளை செய்த கேஸ். ஒற்றை முடியில் பிடிபட்டது. ஆனால் சரக்கை வாங்கிக்கொள்கிற பெருமாளே ‘அந்த மாலைதான் எனக்கு வேணும்’ என்று சொல்லிவிட்டதால் ஆடிட் ஆட்சேபம் கைவிடப்பட்டது. அந்தக் குடும்பத்துக்குக் கோயிலும் கட்டியாயிற்று. அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் அந்தக் கோயில் கோபுரம்தான் என்பது எங்கள் கட்சி. மதுரைக்காரர்கள் வேறு சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்தப் பொய்ப் பில் பாஸானாலும் எங்கள் ஊர்க் கோபுரத்துக்குக் கீழேதான் பாஸாகிறது என்கிற வருத்தமும் எங்களுக்குத்தான் உண்டு.

இப்படி நாணயமாகத் தொடங்கிய சீமையில், பதினெட்டாம் நூற்றாண்டு வந்தபோது கிழி யார் பேசினாலும் தாழ்ந்தது. பேசாவிட்டாலும் தாழ்ந்தது. தாழ்த்திவிட ஆள் வைத்திருந்தார்கள்.

1764-ல் இரண்டு காரியம் நடந்தது. மதுரையில் யூசுப் கானைத் தூக்கில் போட்டார்கள். மருதநாயகம் என்று கமல்ஹாசன் படமெடுக்க ஆரம்பித்து இன்னும் முடிக்காத அதே ஆள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தண்டு இறங்கிப் பூலித்தேவனோடு மல்லுக்கட்டியவர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து, கறாராக வசூல் செய்து, பணத்தைக் கட்டியும் காட்டியவர். கணக்கு ஒழுங்காக வைத்திருந்த அந்த மனிதர் கயிற்றில் தொங்கிய அதே வருஷம், பால் பென்ஃபீல்ட் என்ற இருபத்துச் சொச்சம் வயசு வெள்ளைக்காரர் ஒருவர் சென்னையில் கப்பலிறங்கினார். தொழில், கட்டட எஞ்சினியர். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம், வருஷத்துக்குச் சில நூறு பவுன் சம்பளம். போன உயிருக்கும் வந்த உயிருக்கும் ஈடு கட்டிப் பார்த்தால் சீமைக்கு நஷ்டம்தான்.

இதற்கும் எங்கள் மம்சாபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிறக்கும்வரை திருநெல்வேலிச் சீமையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சீமையின் தீர்வை ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் கணக்கில் ஏறியது. நவாபின் கணக்கிலிருந்து அது எங்கே போனது என்பதுதான் கதை. சுருக்கமாகச் சொன்னால், கொடுக்காத ஒருவர் கொடுத்தேன் என்றார், வாங்காத ஒருவர் வாங்கினேன் என்றார், கட்டியது மம்சாபுரத்துச் சம்சாரி. மேற்கே மலை, கிழக்கே கரிசல், நடுவில் கண்மாய்த் தண்ணியை நம்பி நெல்லும் பருத்தியும் போட்ட ஆளுக்குத் தான் யாருடைய கடனை அடைக்கிறோம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்?

முதலில் நவாபு. 1749-லிருந்து 1795-ல் சாகும்வரை நாற்பத்தாறு வருஷம் நவாபாக இருந்தவர். ஆற்காட்டு நவாபுக்கு ஆற்காட்டில் வேலையில்லை. கம்பெனிக் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் பாதுகாப்பு என்று சேப்பாக்கத்தில் 1768-ல் ஓர் அரண்மனை எழுப்பிக்கொண்டு குடிவந்துவிட்டார். அதைக் கட்டிக் கொடுத்தவர் நம்ம பென்ஃபீல்ட் துரைதான் என்பது பரவலான பேச்சு. கடன் கொடுக்கிறவர்களுக்கு எட்டுகிற தூரத்தில் வீடு கட்டிக்கொண்ட முதல் கடன்காரர் அவராகத்தான் இருப்பார். கடன் கொடுத்தவர்களைக் கண்டு ஓடி ஒளிகிற மனிதர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். விசித்திரம் ஒன்றும் இல்லை. நவாபு கடனைத் தன் பையிலிருந்து அடைக்கிற உத்தேசத்திலேயே இல்லை. கடன் கொடுத்தவன் எல்லாம் கம்பெனி ஆள். கம்பெனி தன்னைத் தூக்கி எறிய நினைத்தால், எறியாதே என்று கம்பெனிக்குள்ளேயே கத்துவதற்கு அத்தனை பேர் வேண்டும். ஆக, எவ்வளவு கடனோ அவ்வளவு பந்தோபஸ்து.

அந்த அரண்மனையைச் சுற்றி ஆலோசகர் கூட்டம் ஒன்று மொய்த்தது. ஜான் மக்ஃபர்சன் என்று ஒருவர். 1767-ல் கப்பல் கணக்காளராக வந்தவர், நவாபுக்கு மின்சார வித்தையும் மாய விளக்கும் காட்டுகிறேன் என்று சாக்குச் சொல்லி உள்ளே நுழைந்தார். சுவரில் படம் காட்டினார். படம் முடிந்ததும் ‘லண்டனில் உங்களுக்காக நான் பேசுகிறேன்’ என்றார். அடுத்த வருஷமே நவாபின் ஏஜென்டாக லண்டன் போனார். 1785-ல் இந்தியாவுக்கே தற்காலிக கவர்னர் ஜெனரலாகவும் உட்கார்ந்தார். பவர்பாயின்ட் காட்டி வேலை பிடிக்கிற இன்றைய கன்சல்டன்ட்கள் படம் மாட்டிக் கும்பிட வேண்டிய குலதெய்வம்.

பென்ஃபீல்டுக்குப் படம் காட்டத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது காண்ட்ராக்ட். செயின்ட் ஜார்ஜ் கோட்டை மதில் வேலையை ஒப்பந்தம் எடுத்தார். சுவர் ஏற ஏற அவரும் ஏறினார். அப்புறம் செங்கல்லைவிட வட்டி சுலபமாக ஏறுகிறது என்று கண்டுகொண்டார். நவாபுக்குக் கடன், நவாபின் குத்தகைதாரர்களுக்குக் கடன், அந்தக் குத்தகைதாரர்கள் கசக்குகிற குடியானவர்களுக்கும் கடன். நவாபு ரொக்கம் தரமாட்டார். இந்தச் சீமை வருமானத்தை நீயே வசூலித்துக்கொள் என்று சீட்டு எழுதித் தருவார். சீட்டில் எழுதிய தொகை உண்மையாகவே கைமாறியதா, பாதி மாறியதா, பழைய வட்டியை முதலோடு சேர்த்துப் புதுப் பத்திரமாக எழுதியதா, ஏதும் இல்லாமல் சும்மா மரியாதைக்கு எழுதியதா என்று கேட்க ஆளில்லை.

1773-ல் நவாபு கம்பெனிப் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு போய்த் தஞ்சாவூரைப் பிடுங்கினார். லண்டனில் இருந்த டைரக்டர்களுக்கு இது ரொம்பவும் அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. திருப்பிக் கொடு என்று உத்தரவு போட்டு, அதை நிறைவேற்ற லார்டு பிகட்டை இரண்டாம் தடவையாகச் சென்னை கவர்னராக அனுப்பினார்கள். இந்த பிகட் ஒன்றும் கோயில் மணி அல்ல. முதல் தடவை வந்தபோது அள்ளியதில்தான் ‘பிகட் வைரம்’ என்று பேர் வாங்கிய கல்லே இருந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்தவனுக்குத்தான் பந்தியில் யார் இலைக்கு எவ்வளவு போகிறது என்று நிதானமாகப் பார்க்க முடியும். 1776 ஏப்ரலில் தஞ்சாவூருக்குப் போய் துளஜா ராஜாவைத் திரும்ப உட்கார வைத்துவிட்டு வந்தார்.

வந்து நாற்காலியில் உட்கார்வதற்குள் பென்ஃபீல்ட் ஒரு காகிதத்தோடு நின்றார். தஞ்சாவூர் வருமானத்தின் மேல் நவாபு எழுதித் தந்த சீட்டுக்கு 1,62,000 பவுன்; அது போக, தஞ்சாவூர்க் குடியானவர்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்த கடனுக்கு 72,000 பவுன், அதற்கு ஈடு வயலில் நிற்கிற பயிர். மொத்தம் 2,34,000 பவுன் எனக்கு வர வேண்டும், வசூலித்துத் தாருங்கள் என்றார். சில நூறு பவுன் சம்பளக்காரர். அவ்வளவு சம்பளத்தில் அந்தத் தொகையைச் சேர்க்க வேண்டுமானால் ராஜராஜ சோழன் காலத்திலேயே உத்தியோகத்தில் சேர்ந்து, ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் இருந்திருக்க வேண்டும்.

கவர்னரின் கவுன்சில் ஆதாரம் கேட்டது. அடுத்து நடந்ததை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்:

“துரை, வவுச்சர் எங்கே?”

“வவுச்சரா? என்ன பிரபு, இப்படிக் கேட்டுட்டீக! நவாபுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. ஆமான்னு சொல்லுவாரு.”

“குடியானவங்களுக்குக் குடுத்த கடனுக்கு?”

“அது வந்து… நெறையாப் பேரு. அம்புட்டுப் பேருகிட்டயும் எங்கிட்டுப் போயி நான் கைநாட்டு வாங்க?”

வடிவேலு 2008-ல் வந்த ‘கண்ணும் கண்ணும்’ படத்தில் கிணற்றைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்தாரே, அதில் கிணறு வெட்டியதற்குக் காகிதமாவது இருந்தது. கிணறுதான் இல்லை. பென்ஃபீல்ட் துரையிடம் கிணறும் இல்லை, காகிதமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் கிணற்றைப் பார்த்ததாகச் சொல்வார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சியை நம்பக்கூடாது என்று முதலில் கவுன்சில் தீர்மானித்தது. இந்தக் கோரிக்கைக்குப் போதிய ஆதாரமில்லை, தள்ளுபடி. அத்தோடு விட்டிருந்தால் இது சரித்திரத்தில் வந்திருக்காது. கொஞ்ச நாளிலேயே அதே கவுன்சில், அதே ஆட்கள், புதுச் சாட்சியம் எதுவும் இல்லாமல் எதிர்ப்பக்கம் புரண்டது. கவுன்சில் மெம்பர்களில் பலருக்கு நவாபின் கடன் பத்திரங்களில் பங்கு இருந்தது. பில்லைச் சரிபார்க்கிறவரும் பில்லில் பங்காளி. பென்ஃபீல்டின் கோரிக்கை செத்தால் அவர்கள் பெட்டியில் இருக்கிற பத்திரத்துக்கும் ஜலதோஷம் பிடிக்கும்.

பிகட் விடவில்லை. எதிராளிகளைச் சஸ்பெண்ட் செய்தார். எதிராளிகள் ராணுவத்தைப் பிடித்தார்கள். 1776 ஆகஸ்ட் 24-ஆம் தேதி கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் காலைப் பலகாரத்தை பிகட் வீட்டில் சாப்பிட்டார். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்தார். சாயந்தரம் பிகட்டின் வண்டியிலேயே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனார். வழியில் சொல்லி வைத்திருந்த சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். ஸ்டூவர்ட் தன் விருந்தாளி வேஷத்தைக் கலைத்து, ‘இறங்குங்கள், நீங்கள் கைதி’ என்றார். இரண்டு வேளை உப்பு தொண்டையைவிட்டு இறங்கியிருக்குமா என்பது சந்தேகம். பொய்ப் பில்லைக் கேள்வி கேட்ட அதிகாரியைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே கவர்னரையே பரங்கிமலையில் அடைத்தார்கள். மறு வருஷம் மே 11-ல் காவலிலேயே செத்துப்போனார். அவரை மறுபடி கவர்னராக்கி, கௌரவமாகத் திரும்பி வரச் சொல்லி லண்டன் உத்தரவு போட்டது. உத்தரவு வந்து சேர்ந்தபோது கௌரவப்படுத்த ஆளில்லை. கைது செய்த கூட்டத்தில் நாலு பேரை லண்டனில் விசாரித்து ஆளுக்கு ஆயிரம் பவுன் அபராதம் போட்டார்கள். அவர்கள் வைத்திருந்த பத்திரங்களுக்கு அது சில்லறைப் பாக்கி.

1777-ல் இன்னொரு கைங்கரியம். நவாபுக்குக் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும், கலைக்கச் சம்பளப் பாக்கி தர வேண்டும், கையில் பணம் இல்லை. டெய்லர், மெஜென்டி, கால் என்று மூன்று கனவான்கள் நாலு லட்சம் வராகன், அதாவது 1,60,000 பவுன், தருகிறோம் என்று முன்வந்தார்கள். ஈடாக ஜில்லாக்களின் வருமானம் வேண்டும், அதற்குக் கம்பெனியின் சம்மதமும் வேண்டும். இரண்டும் கிடைத்தது. எட்மண்ட் பர்க் பின்னால் பார்லிமென்டில் போட்டு உடைத்தபடி, இவர்கள் ரொக்கத்தை எண்ணி வைக்கவில்லை. நாலு மாசத் தவணைச் சீட்டாகக் கொடுத்தார்கள். இடைப்பட்ட மாசங்களில் ஈடாக வந்த ஜில்லாக்களில் வசூலுக்கு இறங்கிவிட்டார்கள். நவாபின் நிலத்தில் வசூலித்த பணத்தை நவாபுக்கே கடனாகக் கொடுத்து, அதற்கு நவாபிடமே வட்டி. சம்பளம் வராத குதிரைக்காரர்கள் அதிகாரிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கலகம் செய்தார்கள். முதலே போடாமல் முதலாளி ஆகிற வித்தைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கள் பக்கத்தில் எந்தப் பைனான்ஸ் கம்பெனியும் நடத்தியதில்லை.

இங்கே கொஞ்சம் மண்வேலைப் பக்கம் போய் வர வேண்டும். கண்மாய் தூர் வாரும்போதோ கரைக்கு மண் வெட்டும்போதோ, குழிக்கு நடுவில் அங்கங்கே ஒரு திட்டை வெட்டாமல் விட்டு வைப்பார்கள். தரை முதலில் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. ஓவர்சியர் வந்து திட்டின் தலையிலிருந்து குழியின் அடிவரை டேப் பிடித்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதுவார். வேலைக்காரர்கள் என்ன செய்வார்கள்? முந்தின ராத்திரி திட்டின் தலையில் அரையடி மண்ணை அப்பி, தண்ணி தெளித்துக் கெட்டிப்படுத்தி, எங்கேயோ பெயர்த்த புல் பத்தையை மேலே ஒட்டிவிடுவார்கள். ஒரே ராத்திரியில் குழி அரையடி ஆழமாகிவிடும், ஒரு கூடை மண்கூட வெளியே போகாமல். டேப் பிடித்துப் பார்க்கிற ஓவர்சியரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. விவரமான ஓவர்சியர் டேப்பை எடுக்கமாட்டார்; மம்பட்டியை வாங்கித் திட்டைக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டுவார். உள்ளே பழைய புல் ஒரு கோடாகத் தெரிந்தால் தீர்ந்தது, கதை அம்பலம். அந்த ஓவர்சியர் அடுத்த மாசம் எந்த ஊரில் இருப்பார் என்பது தனிக்கதை.

குறுக்கே வெட்டிப் பார்க்கிற பழக்கம் நமக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தந்ததல்ல. 991-ல், ராஜராஜன் காலத்தில், மதுராந்தகன் கண்டராதித்தன் என்ற பெரிய மனிதர் வேலூர்ப் பக்கம் திருவல்லம் கோயிலுக்குப் போனார். சுவாமிக்கு அபிஷேகம் செய்துவிட்டு இலையைப் பார்த்தார். நைவேத்தியம் இரண்டு நாழி அரிசியாகச் சுருங்கிக் கிடந்தது. கறி இல்லை, நெய் இல்லை, தயிர் இல்லை. விளக்குகளையும் கவனிப்பார் இல்லை. நிலமும் வருமானமும் கோயிலுக்கு இருக்கத்தான் இருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. சிவப் பிராமணரையும் ஊராரையும் கூப்பிட்டு ‘வரவென்ன, செலவென்ன, சொல்லுங்கள்’ என்று உட்கார்ந்துவிட்டார். அந்த விசாரணையை அந்தக் கோயில் கல்லிலேயே வெட்டியும் வைத்தார்கள்.

அதற்கும் முன்னால் உத்திரமேரூர் சபை 921-ல் இன்னும் கடுமை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி குடவோலையில் பேர் கிடையாது. அவனுக்கு மட்டுமா? அவன் அப்பன், மகன், உடன்பிறந்தான், சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மச்சினன், மருமகன் எல்லாருக்கும் கிடையாது என்று வரிசையாகக் கல்லில் வெட்டினார்கள். இதை எழுதியவருக்கு மச்சினன் பேரில் காண்ட்ராக்ட் எடுக்கிற கலை எத்தனை பழசு என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. வாசித்துப் பார்த்தால் கல்வெட்டு மாதிரித் தெரியாது. ஏதோ கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ பகுதி மாதிரி இருக்கும். சென்னை கவுன்சிலில் இந்த விதி இருந்திருந்தால் கூட்டம் நடத்த நாற்காலிகள்தான் மிஞ்சியிருக்கும்.

பென்ஃபீல்டை லண்டனுக்குத் திருப்பிக் கூப்பிட்டார்கள். போனார். தண்டனை என்ன தெரியுமா? 1780-ல் கிரிக்லேட் தொகுதியின் எம்.பி. ஆனார். மறு வருஷமே வேலையும் திரும்பக் கிடைத்து, சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவர் பணத்தில் பார்லிமென்டுக்குள் போனவர்கள் பர்க் கணக்கில் எட்டுப் பேர். எட்டு எம்.பி. கையில் இருந்தால் எங்கும் என்ன நடக்கும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1784-ல் பிரதமர் பிட் இந்தியச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார். நவாபின் கடன்கள் எப்படி வந்தன, எவ்வளவு நியாயம் என்று விசாரிக்க வேண்டும் என்று அதில் பளிச்சென்று எழுதியிருந்தது. கம்பெனி டைரக்டர்கள் விசாரணைக்கு உத்தரவு எழுதினார்கள். அவர்களுக்கு மேலே புதிதாக உட்கார்ந்திருந்த கட்டுப்பாட்டு வாரியம், அதன் சூத்திரதாரி ஹென்றி டண்டாஸ், அந்த உத்தரவை அடித்துவிட்டு வேறு எழுதினார்: விசாரணை வேண்டாம், பழைய கடன் எல்லாம் செல்லும், நவாபின் கர்நாடகச் சீமை வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 4,80,000 பவுன் எடுத்துக் கட்டிக்கொண்டே வாருங்கள். சீக்கிரம் முடித்தால் எல்லாருக்கும் நல்லதாம். யார் அந்த எல்லாரும் என்று டண்டாஸ் சொல்லவில்லை.

1785 பிப்ரவரி 28-ல் பர்க் எழுந்து ஒரு பேச்சுப் பேசினார். ஆங்கிலத்தில் எப்படித் திட்ட வேண்டும் என்று படிக்க விரும்புகிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள். கடன் எதுவும் கடனே இல்லை. நவாபும் கடன் கொடுத்தவர்களும் சேர்ந்து ஊரை ஏமாற்றப் போட்ட கூட்டுக் கணக்கு என்று புட்டுப் புட்டு வைத்தார். எல்லாரும் கேட்டார்கள். ரசித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஓட்டெடுப்பில் தோற்கடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆக, கட்டினார்கள். 1804 வரை கட்டினார்கள். இதற்கிடையில் நவாபு செத்தார், மகனும் செத்தார், 1801-ல் கம்பெனி கர்நாடகத்தை முழுசாக விழுங்கியது. விழுங்கியதும் தொண்டையில் ஏதோ உறுத்தியது. முன்னால் அடைத்தது பழைய கடன்தான், அதற்கப்புறம் நவாபு வாங்கிய புதுக்கடன் எங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு கூட்டம் வரிசை கட்டி நின்றது. வெள்ளைக்காரர், துபாஷிகள், சவுக்கார்கள், விதவைகள், வாரிசுகள். மொத்தம் மூன்று கோடி பவுனுக்கு மேல் கேட்டார்கள். நவாபு விழித்திருந்த நேரமெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருந்தாலும் இத்தனை பத்திரம் எழுத முடியுமா என்பதே சந்தேகம்.

இந்தத் தடவை கட்டப்போவது கம்பெனியின் சொந்தப் பை. உடனே கம்பெனிக்கு ஒழுக்கம் பிறந்துவிட்டது. 1805-ல் கடன் கேட்பவர்களோடு ஒப்பந்தம் போட்டு, விசாரிக்க லண்டனில் ஒரு கமிஷன், சென்னையில் ஒரு கமிஷன் வைத்தார்கள். சென்னைக் கமிஷனில் சென்னை உத்தியோகஸ்தர் கூடாது, வங்காளத்திலிருந்து ஆள் வரட்டும் என்றார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கவுன்சில் அறைக்கு இந்த ஒரு யோசனை போதுமாயிருந்திருக்கும். அப்புறம் இன்னொன்று: யார் எவ்வளவு கேட்கிறார் என்று கெஜட்டில் பகிரங்கமாகப் போட்டார்கள், ஒருவர் கோரிக்கையை இன்னொருவர் ஆட்சேபிக்கலாம். பங்கு வைக்கிற பணம் அளவானது. பக்கத்து ஆள் பத்திரம் பொய் என்று நிரூபித்தால் தன் பங்கு கொஞ்சம் நிமிரும். அதுவரை ஒருவர் பொய்யை ஒருவர் காத்து நின்ற கூட்டம், ஒரே ராத்திரியில் சத்தியசந்தர்களாகி ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் 1863-ல், உள்நாட்டுப் போரில் பட்டாளத்துக்கு மட்டச் சரக்கை விற்ற காண்ட்ராக்டர்களைப் பிடிக்க லிங்கன் காலத்தில் போட்ட பொய்க் கோரிக்கைச் சட்டமும் இந்தச் சூத்திரத்தில்தான் ஓடியது. காட்டிக் கொடுப்பவருக்கு மீட்ட பணத்தில் பாதி. நேர்மைக்குக் கமிஷன் கொடுத்தால் நேர்மை வரிசையில் வந்து நிற்கிறது.

கமிஷன் மட்டும் வழுக்கவில்லையா? வழுக்கியது. நவாபு தர்பார்க் கணக்கு பாரசீகத்திலும் மராட்டியிலும் சிக்கலாகக் கிடந்தது. அதைப் பிரித்துச் சொல்ல நவாபின் பழைய கணக்கர் ரெட்டி ராவை வைத்துக்கொண்டார்கள். உள்விவரம் தெரிந்தவர், ரொம்பவே தெரிந்தவர். 1808-ல் அவர் பேரிலேயே கள்ளப் பத்திர வழக்கு வந்தது. கிளப்பியவர் அவதானம் பாப்பய்யா. அவர் முந்தின தலைமுறையில் கவர்னர் வீட்டுத் துபாஷியாக இருந்து, சதி வழக்கில் சிக்கிப் பேர் கெட்டவர். ஒரு மோசடிக்காரர் இன்னொருவரைக் காட்டிக் கொடுக்கிறார். கமிஷனும் அரசாங்கமும் தங்கள் ஆள் பக்கம் நிற்கிறது. கோர்ட்டில் உட்கார்ந்த ஜூரியோ எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சென்னைப் பட்டணமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. பொய்யைக் கண்டுபிடிக்க வைத்த ஆளின் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு கமிஷன் போட வேண்டிய நிலைமை.

ஆனாலும் தேர் நகர்ந்தது. 1814 நவம்பரில் கமிஷன் தன் ஒன்பதாவது அறிக்கையைக் கொடுத்தது. அதுவரை விசாரித்த கோரிக்கைகள் 2,03,90,570 பவுனுக்கு. அதில் உண்மை என்று ஏற்றது 13,46,796. பொய் என்று தள்ளியது 1,90,43,774. பதினைந்தில் ஒன்றுதான் தேறியது என்றால் பெரிய தப்பில்லை. அந்தக் காலத்துச் சென்னையில் நவாபின் பத்திரத்தை நீட்டி ஒருவர் பணம் கேட்டால், அவர் முகத்தைப் பார்க்காமலே ‘பொய்’ என்று சொல்லியிருந்தால் பதினைந்து பவுனில் பதினாலு பவுனுக்குச் சரியாக இருந்திருக்கும். கமிஷனுக்கு அதைச் சொல்ல ஒன்பது வருஷமும் ஒன்பது அறிக்கையும் பிடித்தது. இன்னும் பதினைந்து வருஷத்துக்குமேல் பாக்கி வேலையும் இருந்தது.

பென்ஃபீல்ட் இதையெல்லாம் பார்க்க இருக்கவில்லை. 1794-ல் ஹெர்ட்ஃபோர்டுஷையரில் உட்ஹால் பார்க் என்ற பெரிய மாளிகையை வாங்கினார். அதைக் கட்டியவர் தாமஸ் ரம்போல்ட். அவரும் சென்னை கவர்னராக இருந்து, லஞ்சக் குற்றச்சாட்டோடு திரும்பியவர்தான். சென்னைப் பணம் சென்னைப் பணத்தோடுதான் சம்பந்தம் செய்யும். பிறகு லண்டனில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கூட்டுச் சேர்ந்தார். 1799-ல் அது திவாலானது. கூட்டாளியின் கணக்கு யார் பார்த்தார்களோ! மாளிகை கைமாறியது. 1810-ல் பாரிஸில், கையில் காசில்லாமல் செத்துப்போனார். அவர் கட்டியதாகச் சொல்லப்படும் சேப்பாக்கம் மாளிகை அரசாங்கத்துக்கு வந்தது. வளாகத்தில் ஆபீஸ்கள் வந்தன. எந்த இலாகா என்று கேட்கிறீர்களா? பொதுப்பணித் துறைதான். காண்ட்ராக்டர் பில்லைப் பரிசீலிக்கிற துறைக்கு பென்ஃபீல்ட் துரையின் முகவரியைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் யாரோ, அவருக்குச் சரித்திரமும் தெரிந்திருக்கிறது, நகைச்சுவையும் தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. விசாரித்துப் பார்த்த புதுக்கடனில் பதினைந்தில் பதினாலு பங்கு பொய். விசாரிக்கவே கூடாது என்று டண்டாஸ் துரை பிடிவாதமாகக் கட்டவைத்த பழைய கடனில் எத்தனை பங்கு பொய்யாக இருந்திருக்கும்? அதே ஆட்கள், அதே நவாபு, அதே பேனா. ஆகவே மம்சாபுரம் சார்பில் ஒரு மனு தயார் செய்கிறோம். 1785 முதல் 1804 வரை எங்கள் சம்சாரிகள் கட்டிய தீர்வையில், பொய்க் கடனுக்குப் போன பங்கை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். வட்டி அந்தக் காலத்துச் சென்னை வழக்கப்படி. மனுவைப் பரிசீலிக்கிற கமிஷனில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இருக்கக்கூடாது என்றால் அதற்கும் சம்மதம். கல்கத்தாவிலிருந்தே ஆள் வரட்டும், மண்டபமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள்தான். வவுச்சர் கேட்கக்கூடாது. சந்தேகமாக இருந்தால் நவாபைக் கேட்டுக்கொள்ளலாம், ஆமாம் என்று சொல்வார்.